சத்து ஊசி யாருக்கு?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் வந்து படிக்கும் நம் பசங்க பரீட்சை நெருங்கினால், "அசதியா இருக்கு, ஒரு சத்து ஊசி போடுங்க" என்று கேட்பதைப் பார்க்கிறேன். பி காம்ப்ளக்ஸ் நீரில் கரைவது. உடம்பில் குறை இல்லாதவனுக்கு மிச்சம் சிறுநீரோடு போய்விடும். மஞ்சளாகப் போவது ரிபோஃபிளேவின், கூடவே அப்பா கொடுத்த காசு!

ஊசியே தேவைப்படுவது பிறந்த குழந்தைக்கு. தாயிடமிருந்து வைட்டமின் கே போதிய அளவு வராது; தாய்ப்பாலிலும் குறைவு. அதனால் ரத்தம் உறையாமல் மூளைக்குள்ளேகூட கசியலாம். இதைத் தடுக்கத்தான் பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம் ஊசி (1 கிலோவுக்கும் குறைந்த சிசுவுக்குப் பாதி). உங்க அக்கா பிரசவத்தில் கேட்டுப் பாருங்கள்.

டி வைட்டமின் வேறு ஜாதி. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும். 6 லட்சம் யூனிட் ஊசியை டாக்டர் சொல்லாமல் திரும்பத் திரும்பப் போட்டால், ரத்தத்தில் கால்சியம் ஏறி கிட்னியைக் கெடுத்துவிடும்.