ஒரு சீட்டு எழுதுவோம், டெல்லி பார்ப்போம்

ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள். வந்ததும் கேட்கிறார்கள்.

“இத்தனை வருஷமா டெல்லியில இருக்கியே, செங்கோட்டை பார்த்தியா?”

நம்மில் பலர் பதில் சொல்லாமல் சிரிக்கிறோம். பஸ்ஸில் போகும்போது கோட்டைச் சுவரைப் பார்த்திருக்கிறோம். உள்ளே போனதில்லை.

நாம் வீட்டு வேலை செய்கிறோம். துணி தேய்க்கிறோம். மெஸ்ஸில் சமைக்கிறோம். கட்டட வேலைக்குப் போகிறோம். நம் உழைப்பும் சேர்ந்துதான் இந்த ஊர் நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வந்து மக்கள் செங்கோட்டையைப் பார்க்கிறார்கள். நமக்கு அது பஸ் போகிற தூரம். ஆனாலும் நாம் போவதில்லை. ஏன்?

கேட்டால் மூன்று காரணம் சொல்கிறார்கள்.

“நம்மை உள்ளே விடுவாங்களா?”
“நிறைய பணம் ஆகுமே!”
“வழி தெரியாது. பலகை படிக்கத் தெரியாது.”

மூன்றுக்கும் பதில் இருக்கிறது. படியுங்கள்.

உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை ஆகியவற்றை இந்திய அரசின் தொல்லியல் துறை காத்து வருகிறது. இவை பொதுச் சொத்து. வாசலில் நம் வேலையைக் கேட்க மாட்டார்கள். எந்த ஊர், எந்த சாதி என்றும் கேட்க மாட்டார்கள். டிக்கெட் கேட்பார்கள். பையைச் சோதிப்பார்கள். பணக்காரர் பையையும் சோதிப்பார்கள். ஆகவே கூச்சப்பட வேண்டாம்.

எவ்வளவு பணம் ஆகும்?

வாசலில் இரண்டு விலை எழுதியிருக்கும். ஒன்று இந்தியருக்கு. மற்றொன்று வெளிநாட்டவருக்கு. பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடக் கூடாது. அது நமக்கு அல்ல.

2018 ஆம் ஆண்டு விலையை உயர்த்தினார்கள். அப்போது ஹுமாயூன் கல்லறைக்கு இந்தியருக்கு 40 ரூபாய் ஆனது. வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். விலை அவ்வப்போது மாறும். ஆகவே பலகையில் உள்ள எண்ணைப் பார்த்துக் கொடுங்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

ஒரு கணக்குப் போடுவோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் போகிறார்கள். பிள்ளைகளின் வயது 8, 12.

பெரியவர் 2 பேர். 2 × 40 = 80 ரூபாய்.
பிள்ளைகள் 2 பேர். டிக்கெட் இல்லை.
மொத்தம் 80 ரூபாய்.

சில இடங்களில் டிக்கெட்டே கிடையாது. ராஜ்காட், இந்தியா கேட், தாமரைக் கோயில், தேசியப் போர் நினைவிடம், காந்தி அருங்காட்சியகம் ஆகியவை அப்படிப்பட்டவை.

பஸ் செலவும் உண்டு. டெல்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கான இலவசப் பயணம் 2019 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. இதற்கான முறைகள் மாறுவது உண்டு. என்ன அட்டை வேண்டும் என்று கண்டக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போங்கள். புளிச்சோறு நாள் முழுக்கக் கெடாது.

பலகை படிக்கத் தெரியாதே?

இதுதான் பெரிய தடை. நாம் தமிழ் எழுத்துப் படித்திருக்கிறோம். டெல்லியில் பலகைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. அப்படியானால் நாம் படித்த தமிழ் உதவாதா?

உதவும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சீட்டு எழுத வேண்டும். தமிழில்தான் எழுத வேண்டும். வகுப்பு ஆசிரியரிடமோ பள்ளியில் படிக்கும் பிள்ளையிடமோ விவரம் கேட்டு எழுதுங்கள். சீட்டில் நான்கு வரி போதும்.

1. எந்த இடம்?
2. எந்தக் கிழமை விடுமுறை?
3. எங்கே இறங்க வேண்டும்?
4. டிக்கெட் எவ்வளவு?

இதோ ஒரு சீட்டு.

இடம்: செங்கோட்டை. இந்தியில் லால் கிலா.
விடுமுறை: திங்கள்.
இறங்கும் இடம்: லால் கிலா மெட்ரோ நிலையம். ஊதா நிற வழி.
டிக்கெட்: பலகை பார்த்து எழுதவும்.

எண்கள் நமக்குத் தெரியும். 40 என்றால் எல்லாப் பலகையிலும் 40 தான். மெட்ரோ வழிகளுக்கு நிறம் உண்டு. ஊதா, மஞ்சள், நீலம் என்று நிறம் பார்த்துப் போகலாம்.

சில இந்திச் சொற்களையும் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது புரியும்.

பந்த் – மூடியிருக்கிறது
குலா – திறந்திருக்கிறது
சோம்வார் – திங்கள்
சுக்ரவார் – வெள்ளி
ரவிவார் – ஞாயிறு
பாரதீய – இந்தியர்
விதேஷி – வெளிநாட்டவர்
நிஷுல்க் – இலவசம்
பிரவேஷ் – உள்ளே போகும் வழி
நிகாஸ் – வெளியே வரும் வழி
பானி – தண்ணீர்

சீட்டு என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு பெண்கள் பிள்ளைகளோடு செங்கோட்டைக்கு வருகிறார்கள். வழியில் ஒருவர் மறிக்கிறார். “இன்று கோட்டை பந்த். என் ஆட்டோவில் ஏறுங்கள். வேறு இடம் காட்டுகிறேன். 500 ரூபாய் கொடுங்கள்” என்கிறார்.

தங்கச்சி: ஏன்க்கா, திரும்பிடலாமா? இன்னிக்கு லீவுன்னு சொல்றாரே.

அக்கா: இரு. சீட்டை எடு. என்ன எழுதியிருக்கு, படி.

தங்கச்சி: வி-டு-மு-றை. விடுமுறை, திங்கள்.

அக்கா: இன்னிக்கு என்ன கிழமை?

தங்கச்சி: ஞாயிறு.

அக்கா: அப்போ எப்படி மூடியிருக்கும்? வா, வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துடுவோம்.

வாசலில் நீண்ட வரிசை நிற்கிறது. கோட்டை திறந்திருக்கிறது. அவர்கள் எழுதிய ஒரு சொல் 500 ரூபாயைக் காப்பாற்றியது. அந்த நாளையும் காப்பாற்றியது.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழாவுக்காக அதற்கு முன் சில நாட்கள் செங்கோட்டையை மூடுவார்கள். அந்தச் சமயத்தில் போக வேண்டாம்.

முதல் ஞாயிறு: செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட்

செங்கோட்டையைக் கட்டியவர் ஷாஜகான் மன்னர். 1648 ஆம் ஆண்டு வேலை முடிந்தது. ஆக்ராவில் தாஜ்மகாலைக் கட்டியவரும் இவரே. சிவப்புக் கல்லால் கட்டியதால் செங்கோட்டை என்று பெயர். 1947 ஆகஸ்ட் 16 அன்று நேரு இங்கே தேசியக் கொடி ஏற்றினார். இன்றும் ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும் பிரதமர் இங்கே கொடி ஏற்றுகிறார்.

அடுத்து ராஜ்காட். ஊதா வழியில் டெல்லி கேட் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து நடக்கலாம். இ-ரிக்‌ஷாவும் கிடைக்கும். 1948 ஜனவரி 31 அன்று காந்தியடிகளின் உடலை எரியூட்டிய இடம் இது. கறுப்புக் கல் மேடை ஒன்று இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக நடக்க வேண்டும். அருகிலேயே காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குத் திங்கள் விடுமுறை.

காந்தி படங்களில் அவர் அரை வேட்டியோடு இருப்பார். அந்த உடைக்கு அவர் மாறியது நம் மதுரையில். 1921 செப்டம்பர் 22 அன்று மாறினார். ஏழை மக்களுக்கு முழு வேட்டி வாங்க முடியவில்லை. ஆகவே தமக்கும் வேண்டாம் என்று முடிவு செய்தார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

மாலையில் இந்தியா கேட். சென்ட்ரல் செக்ரட்டேரியட் நிலையத்தில் இறங்கி அகலமான சாலையில் நடக்கலாம். இந்தியா கேட்டின் உயரம் 42 மீட்டர். 1931 இல் திறந்தார்கள். முதல் உலகப் போரிலும் அந்தக் காலத்தில் நடந்த வேறு போர்களிலும் இறந்த இந்தியச் சிப்பாய்களின் நினைவாகக் கட்டியது. சுவரில் 13,000 பெயர்களுக்கு மேல் செதுக்கியிருக்கிறார்கள்.

பக்கத்தில் தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். சுதந்திரத்திற்குப் பின் நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. 25,000 பெயர்களுக்கு மேல். தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களில் உண்டு. 2020 ஜூன் மாதம் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

இரண்டாம் ஞாயிறு: ஹுமாயூன் கல்லறை, தாமரைக் கோயில்

ஹுமாயூன் ஒரு முகலாய மன்னர். அவர் இறந்த பின் அவர் மனைவி இந்தக் கல்லறையைக் கட்டினார். இது தாஜ்மகாலைவிட மூத்தது. சுற்றிலும் பெரிய தோட்டம். நிழலில் உட்கார்ந்து இளைப்பாறலாம். 1947 இல் நாடு பிரிந்தது. வீடு இழந்த மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அப்போது இந்தத் தோட்டத்தில் கூடாரம் போட்டு அவர்களைத் தங்க வைத்தார்கள். மன்னர் தூங்கும் இடம் ஏழைகளுக்குப் புகலிடம் ஆனது.

ஊதா வழியில் ஜே.எல்.என். ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி இங்கே வரலாம். ஆட்டோ ஏறினால் மீட்டர் போடச் சொல்லுங்கள். அல்லது ஏறும் முன்பே கூலி பேசிவிடுங்கள்.

பிறகு அதே ஊதா வழியில் கால்காஜி மந்திர் நிலையம் போங்கள். அங்கிருந்து தாமரைக் கோயிலுக்கு நடக்கலாம். வெள்ளைத் தாமரை மலர்ந்தது போல் இருக்கும். 27 இதழ்கள். 1986 இல் கட்டி முடித்தார்கள். பஹாய் மதத்தார் கட்டியது. எல்லா மதத்தாரும் போகலாம். உள்ளே பேசக் கூடாது. திங்கள் விடுமுறை.

மூன்றாம் ஞாயிறு: குதுப் மினார்

மஞ்சள் வழியில் குதுப் மினார் நிலையத்தில் இறங்க வேண்டும். மினாரின் உயரம் சுமார் 73 மீட்டர். கட்டத் தொடங்கி 800 ஆண்டு ஆகிறது. உள்ளே 379 படிகள் உண்டு. இப்போது யாரும் ஏற முடியாது. 1981 டிசம்பர் 4 அன்று படிக்கட்டில் விளக்கு அணைந்தது. நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். அன்றிலிருந்து ஏறத் தடை. “பணம் கொடு, மேலே ஏற்றிவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே வளாகத்தில் ஓர் இரும்புத் தூண் இருக்கிறது. உயரம் 7 மீட்டர். எடை 6 டன்னுக்கு மேல். வயது சுமார் 1,600 ஆண்டு. வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. ஆனாலும் துரு தின்னவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் என்ற பொருள் அதிகம். அது தூணின் மேல் மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலம் உள்ளே துரு ஏறாமல் காக்கிறது. இதைச் செய்தவர்கள் நம்மைப் போல் பட்டறையில் வேலை செய்த மனிதர்கள்தான்.

நம் மொழி கேட்கும் இடம்

மனம் களைத்தால் ராமகிருஷ்ணபுரம் போங்கள். அங்கே சிறு குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி கோயில் இருக்கிறது. மலை மந்திர் என்று கேட்டால் வழி சொல்வார்கள். குடமுழுக்கு நடந்தது 1973 இல். டெல்லி தமிழ்ச் சங்கமும் ராமகிருஷ்ணபுரத்தில்தான் இருக்கிறது. 1946 இல் தொடங்கியது. அங்கே நூலகம் உண்டு. எழுத்துப் படித்த நமக்கு அது பார்க்க வேண்டிய இடம்தானே!

போகும்போது கவனியுங்கள்

• டிக்கெட்டைக் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். மீதிச் சில்லறையை எண்ணிப் பாருங்கள்.
• உயிரியல் பூங்காவுக்கு வெள்ளி விடுமுறை. எல்லா இடத்துக்கும் ஒரே கிழமை அல்ல.
• மே, ஜூன் வெயிலில் பகலில் அலைய வேண்டாம். நவம்பர், பிப்ரவரி, மார்ச் நல்லது.
• பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு சீட்டு வையுங்கள். அதில் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள்.
• ஏப்ரல் 18 உலக மரபு நாள். தொல்லியல் துறை பல முறை அன்று இலவசமாக விட்டிருக்கிறது. முன்பே விசாரியுங்கள்.

பேசுங்கள்

1. டெல்லியில் நீங்கள் இதுவரை உள்ளே போகாத இடம் எது? ஏன் போகவில்லை?
2. ஆட்டோக்காரர் சொன்னதை நம்பியிருந்தால் அந்தப் பெண்களுக்கு என்ன ஆகியிருக்கும்?

கணக்குப் போடுங்கள்

டிக்கெட் 40 ரூபாய். பெரியவர் 3 பேர். 10 வயதுப் பிள்ளை ஒன்று. 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?

எழுதுங்கள்

அடுத்த ஞாயிறு போக ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். கீழே உங்கள் சீட்டை எழுதுங்கள்.

இடம்: ....................
விடுமுறை: ....................
இறங்கும் இடம்: ....................
டிக்கெட்: ....................

போய் வந்த பிறகு இந்தச் சீட்டை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பார்த்ததை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களும் தங்கள் சீட்டை எழுதட்டும்.