ஊறுகாய் ஜாடியைத் தொட்டது யார்?

பாட்டி வீட்டுக் கொல்லையில், கிணற்றை ஒட்டி ஒரு நார்த்தை மரம் இருந்தது. காய்களைப் பறித்து, சுருள் சுருளாக நறுக்கி, உள்ளே கல்லுப்பை அடைத்து, முழங்கால் உயரப் பீங்கான் ஜாடியில் போட்டு வேடு கட்டி வைப்பார்கள். ஒரு வருடம் ஜாடியின் மேல்மட்டம் முழுக்கப் பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டது. பாட்டி கேட்ட முதல் கேள்வி, "தூரமா இருக்கிறப்போ யாரு இதைத் தொட்டது?" என்பதுதான். எல்லார் பார்வையும் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த சித்தியின் மேல் திரும்பியது. "நான் தொடலை அத்தை" என்று சித்தி சொன்னதை யாரும் நம்பவில்லை.

தொட்டது நான். எனக்கு அப்போது பத்து வயது. பெரியவளாகாத பெண் என்பதால் ஜாடியைத் திறக்க என்னைத்தான் அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் அகப்பையைத் தொட்டித் தண்ணீரில் அலம்பி, சொட்டச் சொட்ட உள்ளே விட்டு எடுத்தேன். சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் அலம்பினேன். ஜாடியைக் கெடுத்தது அந்தத் தண்ணீர் என்று எனக்குப் புரிவதற்குப் பல வருடங்கள் ஆயின. சித்தி அதற்குள் எத்தனையோ ஜாடிகளுக்குத் தள்ளி நின்றுவிட்டாள்.

தோட்டம் போட்டிருக்கும் வீடுகளில் இன்றும் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். மாதவிலக்கான பெண் தொட்டால் ஊறுகாய் கெடும், கறிவேப்பிலைச் செடி பட்டுப்போகும், மல்லிகை கருகும் என்கிறார்கள். இது நம் ஊரில் மட்டும் இருந்த எண்ணமும் இல்லை. 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர், மாதவிலக்கில் இருந்த பணிப்பெண் கையில் கொடுத்த பூக்கள் சீக்கிரம் வாடியதைப் பார்த்துவிட்டு, அந்த நாட்களில் பெண்ணுடலில் ஒரு நஞ்சு சுரக்கிறது என்று எழுதினார். பல வருடங்கள் அதைத் தேடினார்கள். அப்படியொரு நஞ்சு இருப்பதாக யாராலும் நிறுவ முடியவில்லை.

ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும். உப்பு காயிலிருக்கும் நீரை வெளியே இழுத்துத் தன்னோடு கட்டிப்போட்டுக்கொள்கிறது. நுண்ணுயிர் வளர்வதற்கு அதற்கென்று நீர் மிஞ்சுவதில்லை. எலுமிச்சைக்கோ நார்த்தைக்கோ கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை உப்பு போடுவது இதற்காகத்தான். ஈர அகப்பை போனால் அது தொட்ட இடத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. பூசணம் முதலில் மேல்மட்டத்தில் பிடிப்பதும் அதனால்தான். உப்பை ஆழாக்கால் அளக்காமல் நிறுத்துப் போடுங்கள். கல்லுப்பில் இடைவெளி அதிகம், ஒரே ஆழாக்கில் தூளுப்பைவிட எடை குறைவாகத்தான் பிடிக்கும். ரத்தக்கொதிப்புக்காக உப்பைக் குறைத்துப் போடுகிறவர்கள் அந்த ஊறுகாயைப் பிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக் கிளறும் பப்பாளி ஜாமுக்கும் இதே கதைதான். முழு ஜாமில் நூற்றுக்குச் சுமார் 65 பங்கு சர்க்கரைச் சத்து இருப்பதால்தான் அது அலமாரியில் தாங்குகிறது.

"மேலே எண்ணெய் நின்றால் எந்தக் காயும் கெடாது."

இந்த நம்பிக்கை உயிருக்கே ஆபத்தானது. எண்ணெய் காற்றைத் தடுக்கும். காற்று வேண்டிய பூசணம் அதனால் அடங்கும். ஆனால் காற்றே இல்லாத இடத்தில் செழிக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா இருக்கிறது. அது மண்ணில் வாழ்வது, தோட்டத்துக் காயோடு வீட்டுக்குள் வருவது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் நஞ்சு ஊறியிருக்கலாம். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் அதன் வித்துகள் சாவதில்லை.

அதை அடக்குவது புளிப்பு. காரகாடி அளவு (pH) 4.6க்குக் கீழே இருந்தால் அது வளராது. மாங்காய், எலுமிச்சை, நார்த்தை, நெல்லி எல்லாம் இயல்பிலேயே புளிப்பானவை, அவற்றுக்குப் பயமில்லை. பூண்டு, பச்சைமிளகாய், கேரட், பீன்ஸ் போன்றவற்றுக்குப் புளிப்பு கிடையாது. உரித்த பூண்டைப் பச்சையாக எண்ணெயில் மூழ்கவிட்டு மாதக்கணக்கில் சமையலறை மேடையில் வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இவற்றில் ஊறுகாய் போட்டால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ புளியோ தாராளமாகச் சேர வேண்டும். பீன்ஸையும் கேரட்டையும் தண்ணீரில் வேகவைத்துப் பாட்டிலில் அடைத்து மூடி வைக்கும் வேலையும் வீட்டில் வேண்டாம்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டால் காய் பெரிதாகும்."

பறிக்கும் பருவத்தைப் பற்றிய பேச்சு இது. பெரிதாகும், கூடவே நார் பிடிக்கும். வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். நுனியை விரலால் வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் முற்றிவிட்டது. ஊருக்குப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பினால் மாடியில் விரல் நீளத்துக்கு விட்டுப்போன காய்கள் சாண் நீளத்துக்கு நிற்கும். அவற்றைச் செடியிலேயே விடாதீர்கள். விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் சத்தையெல்லாம் அதற்கே அனுப்பும், புதுப் பூ குறைந்துவிடும். பீர்க்கு, புடலை, வெள்ளரி, கொத்தவரை எல்லாவற்றுக்கும் இதே இயல்பு உண்டு. அடிக்கடி பறித்தால்தான் அடிக்கடி காய்க்கும். விதைக்கு வேண்டுமென்றால் நல்ல செடியில் ஒன்றிரண்டைக் குறித்து முற்ற விடுங்கள்.

இதற்கு நேரெதிரானவை பரங்கியும் சாம்பல் பூசணியும். அவை நன்றாக முற்றிய பிறகு, காம்பை இரண்டு அங்குலம் விட்டு அறுக்க வேண்டும். காம்பு ஒடிந்த இடம் வழியாகத்தான் அழுகல் நுழைகிறது. சாம்பல் பூசணியின் மேல் வெள்ளை மாவு படிந்திருக்குமே, அதைத் துடைக்காதீர்கள். அது காயே தனக்குப் போட்டுக்கொண்ட மெழுகுப் பூச்சு. காற்றாடும் இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

"மரத்திலேயே பழுத்தால்தான் பழம்."

எலுமிச்சை, மாதுளை, திராட்சைக்கு இது சரி. பறித்த பிறகு அவற்றில் இனிப்பு கூடாது. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, சீத்தா, தக்காளி ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். அவை எத்திலீன் என்ற வாயுவைத் தாமே வெளிவிட்டுப் பழுப்பவை. அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்ததும் வைக்கோலில் மூடியதும் அந்த வாயுவைச் சிதறாமல் பிடித்து வைக்கத்தான். அதனால் பப்பாளியில் மஞ்சள் கீற்று விழுந்ததும் பறிக்கலாம், அணில் முந்திக்கொள்ளும் முன். பழுக்க வைக்கப் போடும் கார்பைடு கல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, வீட்டுப் பழத்துக்கு அது தேவையும் இல்லை.

கோடையில் மாடித்தோட்டத் தக்காளி சிவக்காமல் வெளிறிய ஆரஞ்சில் நின்றுவிடுகிறது என்று பலர் வருந்துவார்கள். வெயில் போதவில்லை என்று நினைத்துத் தொட்டியை இன்னும் வெயிலுக்கு நகர்த்துவார்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியின் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. அடிப்பக்கம் லேசாகச் சிவக்கும்போதே பறித்து, வீட்டுக்குள் நிழலான இடத்தில் வைத்தால் நன்றாகப் பழுக்கும்.

பறித்ததையெல்லாம் கழுவிப் பிரிட்ஜில் அடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். சமைக்கும் முன் கழுவினால் போதும், ஈரத்தோடு வைத்தால் அழுகும். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. கத்தரிக்கும் வெள்ளரிக்கும் 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் தோலில் குழி விழும். பிரிட்ஜ் நாலைந்து டிகிரியில் ஓடுவது. கீரைக்குத்தான் அது நல்ல இடம். பொழுது சாய்ந்தபின் கீரை பறித்தால் செடி வாடும் என்பதும் உண்மையில்லை. விடிகாலையில் இலை நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால், அப்போது பறித்தது கூடுதல் நேரம் வாடாமல் இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். "வத்தலில் பூசணம் பிடித்தால் தட்டிவிட்டு வெயிலில் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள்.

சரியாகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. பூசணம் பிடித்த கடலைத் தீவனம்தான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தபோது அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு தெரியவந்தது. மிளகாய் வற்றலையும் இதே பூசணம் பிடிக்கும். அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோவது. தட்டினால் பூசணம் போகும், நஞ்சு உள்ளேயே இருக்கும். வெயிலும் எண்ணெய்ச் சூடும் அதை முழுதாக அழிப்பதில்லை. பூசணம் கண்ட வத்தலை மண்ணில் புதைத்துவிடுங்கள், மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள்.

பூசணம் வராமல் தடுப்பது காயவைக்கும் விதத்தில் இருக்கிறது. மோர்மிளகாய் போடும்போது பாருங்கள். கீறிய மிளகாய் பகலில் பாயில் காயும், மாலையில் மறுபடி உப்பு மோருக்குள் போகும், மோர் தீர்கிற வரை நாலைந்து நாள். மேல்தோல் மொறுமொறுவென்று ஆனதும் முடிந்தது என்று டப்பாவில் அடைத்துவிடுகிறோம். உள்ளே விதைக்கூட்டைச் சுற்றி ஈரம் இருக்கும். காய்ந்தது என்று தோன்றியபின் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். சுவரில் முத்துமுத்தாக நீர் கோத்தாலோ மிளகாய் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, திரும்ப மாடிக்கு அனுப்புங்கள். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வத்தலுக்கும் இதே சோதனைதான். முருங்கை இலையை மட்டும் நிழலில் காயவையுங்கள், வெயில் அதன் வைட்டமின் ஏ சத்தைத் தின்றுவிடும்.

சித்தி இப்போதும் எங்களுக்கெல்லாம் நார்த்தங்காய் போட்டுக் கொடுத்தனுப்புகிறாள். அந்த ஜாடியைக் கெடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

இந்தச் சித்திரையில் மாங்காய் நறுக்கி ஜாடி போடும்போது, வீட்டுப் பெண்பிள்ளைகளையும் மருமகளையும் எந்த நாள் என்று கேட்காமல் கூப்பிடுங்கள். கையையும் அகப்பையையும் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.