கோழிக்கால் வேரும் சிவந்த கண்ணும்

ஹுவாங்லியன் என்ற சீன மூலிகையின் வேரைக் கையில் எடுத்தால் காய்ந்த கோழிக்கால் மாதிரி இருக்கும். ஒடித்தால் உள்ளே பளிச்சென்று மஞ்சள். நாக்கில் வைத்தால் வேம்பு தோற்றுப்போகும். வெளியே சொல்ல முடியாத துயரத்தை ‘ஊமை ஹுவாங்லியன் தின்ற கதை’ என்பார்கள் சீனர்கள். கண் சிவந்து பீளை தள்ளினால் இந்த வேரைக் கொதிக்கவைத்து, வடிகட்டிக் கழுவுவது அங்கே பழைய வைத்தியம். தாய்ப்பாலில் ஊறவைத்துச் சொட்டுவதும் உண்டு. கண்ணுக்குத் தாய்ப்பால் பீய்ச்சும் பாட்டிகள் நமக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

நம்பிக்கை: இது கண்ணில் உள்ள கிருமியைக் கொல்லும்.

உண்மை: ஓரளவுக்குச் சரிதான். மஞ்சள் நிறத்தைத் தரும் பெர்பெரின், ஆய்வகத் தட்டில் பல பாக்டீரியாக்களை அடக்குகிறது. நம் நாட்டு மருந்துக்கடை மரமஞ்சளிலும் இருப்பது அதே பெர்பெரின்தான். இமையின் உட்புறத்தைத் தழும்பாக்கிப் பார்வையைப் பறிக்கும் டிரக்கோமாவுக்கு அதைச் சொட்டு மருந்தாக்கி இந்தியாவில் சோதித்தார்கள். முடிவு 1982இல் வெளிவந்தது. நோயாளிகள் 51 பேர். சிவப்பும் பீளையும் குறைவதில், ஒப்பிட்டுப் பார்க்கப் போட்ட சல்ஃபா சொட்டு முந்தியது. ஆனால் இமையைச் சுரண்டிப் பார்த்தபோது, கிருமி இல்லாமல் போனது பெர்பெரின் போட்டவர்களிடம்தான். ஆர்வமூட்டும் முடிவு, மறுக்கவில்லை. 51 பேரை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. தவிர, சோதித்தது அளந்து, கிருமி நீக்கித் தயாரித்த 0.2 சதவீதச் சொட்டு. அடுப்படிக் கஷாயத்தில் எவ்வளவு பெர்பெரின் இறங்கியிருக்கிறது என்று யார் அளந்தார்கள்?

கண்ணில் ஆதாரம் தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் சீனாவிலேயே கதை இருக்கிறது. டிரக்கோமா கிருமியை 1950களில் பெய்ஜிங்கில் பிரித்தெடுத்த டாங் ஃபெய்ஃபான், நோய்க்குக் காரணம் அதுதான் என்று நிரூபிக்க 1958இல் தன் கண்ணிலேயே அதை ஏற்றிக்கொண்டார். உடனே மருந்து போடாமல், நோய் எப்படிப் போகிறது என்று பதிவும் செய்தார்.

நம்பிக்கை: “எங்கள் வீட்டில் கஷாயம் விட்டு ஐந்தே நாளில் சரியாகிவிட்டது.”

உண்மை: சரியாகியிருக்கும், சந்தேகமில்லை. மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் தொற்றுக் கண்வலி பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ படுத்திவிட்டுத் தானே போய்விடும். பாக்டீரியாவால் வரும் லேசான கண்வலியும் பலருக்கு மருந்தில்லாமலே அடங்கும். சும்மா இருந்தாலும் ஆறக்கூடிய நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது கைகண்ட மருந்தாகிவிடும்; இளநீர் விட்டவருக்கும் இதே அனுபவம்தான். மருந்து போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை, பெருமை வேருக்கா நாட்களுக்கா என்று சொல்ல வழியில்லை.

கஷாயத்தைக் குடித்தால் போதும் என்கிறவர்களுக்கு ஒரே வரி: வாய்வழியே போகும் பெர்பெரினில் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் சேர்வதில்லை.

நம்பிக்கை: வேர்தானே, கெடுதல் செய்யாது.

உண்மை: கொதிக்கும்போது கஷாயம் சுத்தம். ஆறவைத்து, டம்ளரில் மூடிவைத்து, மறுநாளும் அதிலேயே பஞ்சை நனைத்தால் அது கிருமி வளரும் நீர். காண்டாக்ட் லென்ஸால் கருவிழியில் கீறல் விழுந்திருந்தால் அது புண்ணாகலாம், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு மிஞ்சலாம். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

பச்சைக் குழந்தை விஷயம் தனி. பெர்பெரின் உள்ள மூலிகைகளைச் சிங்கப்பூர் 1978இல் தடை செய்தது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள சிசுக்களுக்கு மஞ்சள்காமாலை முற்றிவிடும் என்ற பயம். ஆதாரங்களை மறுபடி அலசி, 2010களில் தடையை விலக்கியது. ஆனால் பிறந்த சில நாளில் கண்ணில் சீழ் வந்தால் பிரச்சினை மூலிகை நல்லதா கெட்டதா என்பது இல்லை. தாயிடமிருந்து தொற்றிய வெட்டைநோய்க் கிருமியாக இருந்தால், கஷாயம் ஆறுவதற்குக் காத்திருக்கும் நேரமும் அந்தக் கருவிழிக்கு நஷ்டம்தான்.