ஏஸ் ஜோடி தோற்ற பிறகு

போக்கரில் இரண்டு ஏஸ் சேர்ந்து கைக்கு வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. டீலர் சீட்டைக் கலைத்துப் போட, ஒன்பது பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் மேஜையில் மணிக்கு 30 ஆட்டம் நடந்தாலே அதிகம். கணக்குப் பார்த்தால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்து, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு அது வருகிறது. அதிலும் தோற்கிறோம். அப்போது காது மடல் சூடாவதும் வயிற்றுக்குள் ஏதோ இறுகுவதும் போக்கர் ஆடிய எல்லோருக்கும் தெரியும். அந்த ஆட்டத்தில் போகும் பணத்தைவிட, அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் போகும் பணம்தான் அதிகம்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். இங்குள்ள கார்டு ரூம்களில் போக்கரைப் பொறுத்தவரை இடத்தை நடத்துகிறவர்கள் நமக்கு எதிராக ஆடுவதில்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் எடுத்துக்கொள்வதோடு சரி. மோதிக்கொள்வது நாம்தான். ஒருவர் நிதானம் இழந்தால் அவர் பணம் எதிரே நிதானமாக உட்கார்ந்திருப்பவர் பக்கம் நகரும். ஆகவே மனதைக் கையில் வைத்திருப்பது இந்த ஆட்டத்தில் நல்ல குணம் மட்டுமில்லை. கணக்குப் போடத் தெரிவதற்குச் சமமான திறமை அது.

ஒரு ஆட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 2-5 டாலர் மேஜை. எனக்கு ஸ்பேடு ஏஸும் டைமன் ஏஸும். 20 டாலருக்கு உயர்த்தினேன். எனக்கு அடுத்து இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் சேர்ந்துகொண்டார். நடுவில் முதல் மூன்று சீட்டு விழுந்தது: ஆட்டின் ஒன்பது, ஆட்டின் ஆறு, கிளாவர் இரண்டு. நான் 35 போட்டேன், அவர் 110 ஆக்கினார், நான் மிச்சம் இருந்த மொத்தத்தையும் தள்ளினேன், அவரும் தள்ளினார். நடுவில் ஆயிரம் டாலருக்கு மேல் சிப்ஸ். அவர் திருப்பிக் காட்டியது ஆட்டின் ராஜாவும் ராணியும். நான்காவதாக வந்த கிளாவர் நாலு அவருக்கு உதவவில்லை. ஐந்தாவது சீட்டு ஆட்டின் மூன்று. ஐந்தும் ஆட்டின், ஃபிளஷ். அவர் இரண்டு கையாலும் சிப்ஸை இழுத்துக்கொண்டார்.

மேஜையில் இருந்த ஒருவர் என் பக்கம் திரும்பி அனுதாபமாகத் தலையாட்டினார். அந்த அனுதாபத்தை நம்பக் கூடாது என்பது என் கருத்து. முதல் மூன்று சீட்டு விழுந்த நிமிஷத்தில் அந்தப் பெரியவருக்கு ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். கடைசிச் சீட்டு வரும்போதுகூடப் பார்க்காத 44 சீட்டில் ஒன்பது அவருக்குச் சாதகம், அதாவது ஐந்தில் ஒன்று. அவர் என்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. அவருக்கு இருந்த பங்கு அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் வட்டாரத்தில் போக்கர் ஆடும் தமிழர்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். மதுரைப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணன். அன்று பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

“என்ன தம்பி, மொகம் வாடிப்போச்சு?”

“ஏஸ் ஜோடிண்ணே. கடைசி சீட்டுல போச்சு.”

“அந்தக் காசு ஒம் பக்கம் வந்து சேர்ற வரைக்கும் அது ஒன்னோடது இல்லப்பா. நீ எப்ப அத ஒன்னோடதுன்னு எண்ணுன, அதச் சொல்லு.”

டில்ட் என்று போக்கர்காரர்கள் சொல்லும் நிதானமிழப்பின் வேர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கோபம் தோல்வியால் வருகிறது என்று நினைக்கிறோம். தோற்பதற்குச் சில நொடி முன்பே, எதிராளியின் சீட்டைப் பார்த்ததுமே, மனசு அந்த ஆயிரம் டாலரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுவிடுகிறது. பிறகு நடப்பது அதற்குத் திருட்டாகத் தெரிகிறது. ஜேரட் டெண்ட்லர் என்ற மனப் பயிற்சியாளர் 2011இல் வெளியான தன் புத்தகத்தில் டில்டை ஏழு வகையாகப் பிரிக்கிறார். அநியாயம் நடந்துவிட்டது என்ற கோபம், எனக்கு உரியது வரவில்லை என்ற கோபம், இன்னாரைப் பழிவாங்க வேண்டும் என்ற கோபம், எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற பதைப்பு என்றெல்லாம் பிரித்துப் பார்க்கும்போது, நமக்கு வருவது எது என்று அடையாளம் காண முடிகிறது. எனக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. நன்றாகப் படித்து, கணக்குத் தெரிந்து ஆடுகிறவர்களுக்கு அதுதான் அதிகம் வருகிறது. திறமைக்குக் கூலி உடனே வேண்டும் என்ற எதிர்பார்ப்பு படித்தவர்களுக்கு ஊறிப்போனது.

இதற்கு மருந்து எண்கள்தான். ஆட்டம் நடக்கும்போது இல்லை, வீட்டில் ஆற அமர உட்கார்ந்து போடும் எண்கள். 80 சதவீத வாய்ப்போடு பத்து முறை மொத்தப் பணத்தையும் வைக்கிறோம் என்று வையுங்கள். பத்திலும் ஜெயிக்கும் வாய்ப்பு 11 சதவீதம்கூட இல்லை. அதாவது மிக நன்றாக ஆடுகிறவரும் பத்தில் இரண்டு முறை தோற்பதுதான் இயல்பு. ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மோதினால் ஏஸுக்கு ஏறத்தாழ 82 சதவீதம். மிச்சம் 18 சதவீதம் கிங்குக்கு. இதைப் பலமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு, மேஜையில் அது நடக்கும்போது அதிர்ச்சி குறைகிறது. வலி குறைவதில்லை. அதிர்ச்சி குறைந்தாலே பாதிக் காரியம் முடிந்த மாதிரி.

வலி ஏன் குறைவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கிய வேலை இது: நூறு ரூபாய் போனால் உண்டாகும் வலி, நூறு ரூபாய் வந்தால் உண்டாகும் சந்தோஷத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இன்னொன்றும் சொன்னார்கள். நஷ்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் கூடுதல் ஆபத்தை எடுக்கத் துணிகிறார்கள். போக்கர் மேஜையில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விட்டதைப் பிடிக்க உட்கார்ந்திருப்பவர்களின் பந்தயம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். முதல் கண்டுபிடிப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம், ஒவ்வொரு முறை ஆடிய பிறகும் போட்டது, எடுத்தது இரண்டையும் எழுதி வைப்பது. ஐநூறு வந்து ஐநூறு போன நாளும் மனதுக்குத் தோற்ற நாளாகவே படும். எழுதி வைத்த கணக்கு உண்மையைச் சொல்லும்.

நிதானம் போய்விட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் பெரிய பந்தயங்களைக் கவனிக்கச் சொல்வார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும் என்பேன். முதலில் கெடுவது சின்ன விஷயம். ஒன்பது பேர் மேஜையில் நன்றாக ஆடுகிறவர்கள் பத்து ஆட்டத்தில் எட்டைத் தொடக்கத்திலேயே கவிழ்த்துவிடுவார்கள். மனசு சாய்ந்ததும் ஜாக்கியும் ஏழும் வந்தால்கூட ‘அஞ்சு டாலர்தானே, பார்ப்போம்’ என்று தோன்றும். அந்த ‘தானே’ வந்தால் எனக்கு மணி அடித்த மாதிரி. இரண்டாவது அடையாளம் கை. சும்மா இருக்கும்போது சிப்ஸைக் கலைத்து அடுக்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பதற்றத்தில் அந்தச் சத்தம் வேகமாகும். மூன்றாவது, எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப எண்ணுவது. ஒவ்வொருவருக்கும் அடையாளம் வேறாக இருக்கும். தன்னுடையது எது என்று தெரிந்தவர் பாதி தப்பித்தார்.

அடையாளம் தெரிந்ததும் எழுந்துவிடுவேன். வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. மேஜையைச் சுற்றி டீலர் பொத்தான் ஒரு வட்டம் வர இருபது நிமிஷம் ஆகும். அந்த வட்டம் முடியும்வரை வெளியே நடப்பது, தண்ணீர் குடிப்பது, மூச்சை மெதுவாக விடுவது. திரும்பி வந்ததும், நான் இல்லாதபோது கடந்துபோன பிளைண்டை, அதாவது 2, 5 டாலர் கட்டாயப் பந்தயங்களை, கட்டிவிட்டு ஆடுவது. அந்த ஏழு டாலர் போல மலிவான செலவு போக்கரில் வேறில்லை.

இவ்வளவு விட்டால் எழுந்துவிட வேண்டும் என்று வரம்பு வைப்பதைச் சிலர் ஏற்பதில்லை. வாழ்நாள் முழுவதும் ஆடுவது ஒரே நீண்ட ஆட்டம், இன்றைக்கு நிறுத்துவதால் என்ன மாறிவிடும் என்று கேட்பார்கள். கணக்காகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. சீட்டுக்கு நேற்று தெரியாது, இன்று தெரியாது. எனக்குத் தெரியுமே! மூன்று முறை பணம் போட்டு மூன்றையும் விட்ட பிறகு மேஜையில் உட்கார்ந்திருப்பது மதியம் வந்த அதே ஆள் இல்லை. ஆகவே வரம்பை வீட்டில் தீர்மானித்து, அந்தப் பணத்தை மட்டும் ரொக்கமாக எடுத்துக்கொண்டு, வங்கிக் கார்டை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். தலை குளிர்ந்திருக்கும்போது எடுத்த முடிவைத் தலை சூடாக இருக்கும்போது மாற்ற வழி இருக்கக் கூடாது.

ஜெயிக்கும்போதும் இதே கண்காணிப்பு வேண்டும். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சிப்ஸ் முன்னால் குவிந்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சிலர் பயந்து சுருங்கி, ஜெயித்ததைக் காப்பாற்ற ஆடுவார்கள். சிலருக்கு அது வந்த பணமாக, கைக்காசு இல்லாததாகத் தோன்றி, கை தாராளமாகும். இரண்டுமே டில்ட்தான். எதிராளியின் கண்ணுக்கு நம் சிப்ஸில் வந்தது, கொண்டுவந்தது என்ற பேதம் கிடையாது.

இந்த யோசனைகள் எதுவும் உதவாத ஒரு நிலை உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன ஏழில் அந்தப் பதைப்பு வகை, வாடகைப் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் மேஜைக்குக் கொண்டுவரும் நிலை, மனப் பயிற்சியால் சரியாவதில்லை. அங்கே ஆட்டத்தை விடுவதுதான் வழி. கலிஃபோர்னியாவில் தன்னை உள்ளே விட வேண்டாம் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுத்து மீண்டவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஊரிலிருந்து சித்தப்பா மகன், மாமா பையன் என்று யாராவது போனில் போக்கர் பற்றிக் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் வேண்டாம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், போனில் எழுந்து நடக்க இருபது நிமிஷம் கிடையாது. சிப்ஸின் கனம் கையில் உறைக்காது. ஒரு ஆட்டம் முடிந்த நொடியில் அடுத்தது வந்து நிற்கும். காது சூடாக இருக்கும்போதே பெருவிரல் அழுத்திவிடும்.

தோற்ற கதையைச் சொல்லித் திரிவதையும் விட வேண்டும். எரிக் சைடல் என்ற ஆட்டக்காரர் 1988 உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் கடைசி இருவரில் ஒருவராக வந்து ஜானி சானிடம் தோற்றார். பத்து வருஷம் கழித்து வந்த ‘ரவுண்டர்ஸ்’ படத்தில் அந்தக் காட்சியையே காட்டினார்கள். உலகமே பார்த்த தோல்வி அது. அவர் தொடர்ந்து ஆடி, அதே தொடரில் வெற்றிப் பரிசான பிரேஸ்லெட்டைப் பத்து முறை வாங்கியிருக்கிறார். அவரிடம் போக்கர் கற்ற எழுத்தாளர் மரியா கோனிக்கோவா 2020இல் எழுதிய புத்தகத்தில், துரதிர்ஷ்டத்தில் தோற்ற கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாலே அவர் நிறுத்திவிடுவார், எப்படி முடிவெடுத்தாய் என்பதைப் பற்றி மட்டும்தான் பேசுவார் என்கிறார்.

அண்ணனும் நானும் இதை எங்கள் வழியில் செய்கிறோம். ஆடி முடித்ததும் மனதை உறுத்தும் ஆட்டம் ஒன்றைப் போனில் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்புவோம். யாருக்கு எவ்வளவு சிப்ஸ், யார் எங்கே உட்கார்ந்தார், என்ன சீட்டு, எவ்வளவு பந்தயம் எல்லாம் இருக்கும். முடிவு மட்டும் இருக்காது. கடைசிச் சீட்டு வருவதற்கு முன்னாலேயே எழுத்து நின்றுவிடும். போன மாதம் அவர் அனுப்பியதில் ஏஸும் கிங்கும் கையில். நடுவில் விழுந்த மூன்று சீட்டில் ஒன்றும் பொருந்தவில்லை. அந்தச் சீட்டுக்கு மூன்றில் இரண்டு முறை அப்படித்தான் நடக்கும். அவர் நடுவில் சேர்ந்திருந்த பணத்தில் பாதி அளவுக்குப் பந்தயம் போட்டிருந்தார், எதிராளி பெரிதாக உயர்த்தியிருந்தார்.

“நானா இருந்தா கவிழ்த்திருப்பேன்ணே” என்றேன்.

“ஏன்?”

“அந்த ஆளு சாயங்காலத்துலருந்து ஒரு தடவகூட உயர்த்தலன்னு எழுதியிருக்கீங்களே.”

“சரி. அதுக்கு முந்தி நான் பந்தயம் போட்டது?”

அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். அந்த ஆட்டத்தில் அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.