பூரீம் பண்டிகையும் பலகாரத் தட்டும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையிலே, வாழைத் தோட்டங்கள் சூழ விளங்குவது ஜீயபுரம். தீபாவளியன்று அவ்வூர் வீதியில் நின்று நோக்குவோமாயின், சோமாசியும் முறுக்கும் அதிரசமும் நிறைந்த தட்டுகள் வீட்டுக்கு வீடு செல்லக் காண்போம். இதனை ஒத்த வழக்கம் யூதரிடத்தும் உண்டென்பதை நம் மாணவருட் பலர் அறியார். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

பாரசீகத்தில் ஆமான் என்பான் யூதரை அழிக்கச் சூழ்ந்ததும், எஸ்தர் அரசியும் மொர்தெகாயும் அவர்களைக் காத்ததும் எஸ்தர் ஆகமத்திற் கூறப்படுகின்றன. அதன் நினைவாக ஆதார் மாதம் 14-ஆம் நாள் பூரீம் கொண்டாடப்படுகின்றது. அன்றைய கடமைகள் நான்கு: எஸ்தர் சுருள் வாசிக்கக் கேட்டல், விருந்துண்ணல், நண்பர் ஒருவருக்கேனும் இருவகை உணவு அனுப்புதல், ஏழையர் இருவருக்கேனும் ஈதல்.

ஐரோப்பிய யூதர் கோதுமை மாவை வட்டமாகத் தேய்த்து, கசகசாவை அரைத்துத் தேனிற் கிளறிய பூரணத்தை நடுவில் வைத்து, ஓரங்களை மூன்று புறமும் மடித்து முக்கோணமாக்கி அடுப்பிற் சுடுவர். இதற்கு எபிரேய மொழியில் ஆமானின் காது என்று பெயர். நாமோ அதே கசகசாவொடு தேங்காயும் சர்க்கரையும் கூட்டிச் சோமாசியாக மடித்து எண்ணெயிற் பொரிக்கின்றோம். பாலையும் இறைச்சியையும் ஒருங்கு சேர்த்தல் யூதருக்கு விலக்காதலின், கொச்சி யூதர் இறைச்சிக் கறிக்குத் தேங்காய்ப் பாலையே பயன்படுத்தினர். அவர்தம் மட்டாஞ்சேரி ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் அவருட் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர்.

இனி, இவ்வழக்கத்தின் உட்பொருளை நோக்குவோம். அறிஞர் இருவர் பூரீமன்று தத்தம் உணவையே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டனர் எனத் தால்மூத் நூல் கூறுகின்றது. தானம் பெறுவோனும் அன்று தானம் செய்யக் கடமைப்பட்டவனே. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்த மைமோனிதீஸ் என்னும் பேரறிஞர், விருந்தினும் நண்பர்க்கு அனுப்பும் பண்டத்தினும் ஏழைக்கு ஈவதையே மிகுதியாகச் செய்தல் நன்று என வகுத்தார்.

நம் தட்டுகளோ பெரும்பாலும் தட்டு வந்த வீட்டிற்கே திரும்பிச் செல்கின்றன. அது கைம்மாறேயன்றி ஈகையாகாது. விடுமுறை கழிந்து பலகார டப்பாக்களொடு விடுதிக்குத் திரும்பும் நாம், வழிச்செலவுக்குப் பொருளின்றி ஊர் செல்லாதிருந்த தோழனை நினைப்பதுண்டா? முதற் சோமாசியை அவன் கையில் வைப்போமாயின், பூரீமின் பொருளை உணர்ந்தவராவோம்.