வறட்சியில் விளைந்த முள்ளங்கியா? தூக்கி எறியாதீர்கள்!

கோடையில் சந்தைக்கு வரும் முள்ளங்கி பல நேரம் ஒல்லியாக, மூக்கில் ஏறும் காட்டத்தோடு இருக்கும். தண்ணீர் போதாத கொல்லையில் விளைந்தது அது. சாம்பாருக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுகிறோம். அதன் காட்டத்தில்தான் சத்தான சங்கதியே இருக்கிறது.

1. மண் காயும்போது, முள்ளங்கியில் இயல்பாகவே உள்ள குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் பெரும்பாலும் கூடும். பூச்சி, நோய்களிடமிருந்து செடியைக் காப்பவை இவை. கிழங்கில் நீர் குறைவதாலும் இவை செறிந்துபோகும். நறுக்கியதும் மிரோசினேஸ் என்ற நொதி இவற்றோடு கலந்து ஐசோதயோசயனேட்டை உண்டாக்குகிறது. நாக்கைச் சுரீரென்று பிடிப்பது அதுதான். கிருமிகளையும் புற்றுநோய் செல்களையும் அது எப்படிப் பாதிக்கிறது என்று ஆய்வுக்கூடங்களில் ஆராய்கிறார்கள். அதற்காக முள்ளங்கியை மருந்தாக்கிவிட வேண்டாம்!

2. வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். சிறியதானாலும் கனமாக இருந்தால் நல்லது. பருமனாக இருந்தும் லேசாக இருந்தால் உள்ளே பஞ்சடைத்திருக்கும். அதைச் சமைத்துப் பயனில்லை.

3. தோலை ஒட்டிய பகுதியில் காட்டம் அதிகம். சீவி எறியாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். குழந்தைகளுக்கு இலைப்பக்கத் துண்டைக் கொடுங்கள். வால்பக்கம் காரமானது, பெரியவர்களுக்கு.

4. கொதிக்கும் குழம்பில் நேரே போட்டால் நொதி செயலிழந்துவிடும். நறுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு வேகவையுங்கள். இன்னொரு வழியும் உண்டு. பச்சைக் கடுகைப் பொடித்து, இறக்கி ஆறவைத்த பொரியலில் ஒரு சிட்டிகை தூவலாம். கடுகிலும் அதே நொதி இருக்கிறது. தாளித்த கடுகுக்கு அந்த வேலை தெரியாது, எண்ணெய்ச் சூட்டில் நொதி போய்விடும்.

5. காட்டமான முள்ளங்கிக்கு என் தேர்வு பச்சடிதான். துருவி, உப்புப் போட்டு, கெட்டித் தயிரில் கலந்தால் காரம் அடங்கும். துருவியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள், காரம் போய் நாற்றம்தான் மிஞ்சும்.

6. மாடித்தோட்டக்காரர்களே, சத்து கூடும் என்று செடியை வேண்டுமென்றே காயப்போடாதீர்கள். கிராமுக்குக் கிராம் சேர்மம் கூடலாம், கிழங்கு சிறுத்துவிட்டால் மொத்தத்தில் லாபம் இருக்காது. நன்றாகக் காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். கோடையில் விதைக்க வெயில் தாங்கும் பூசா சேத்கி ரகம் ஏற்றது. ஏறக்குறைய 45 நாளில் பிடுங்கிவிடலாம்.

7. தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் பச்சை முள்ளங்கியை அளவோடு சாப்பிடுங்கள். வேகவைத்தால் அந்தக் கவலை பெருமளவு குறையும்.