நம் பிள்ளைகளுக்கு ஆரம்ப ஆங்கிலம்

வியாபாரச் சகோதரர்களே! 13 முதல் 17 வயது வரையுள்ள நம் பிள்ளைகளில் இரு சாரார் ஆங்கிலத்தில் பின்தங்கி நிற்கின்றனர். ஒரு சாரார், குர்ஆனை மனனம் செய்யும் மதரஸாக்களில் பல வருஷம் ஓதிவிட்டு வீடு திரும்பியவர்கள். மற்ற சாரார், ஊரில் தமிழில் படித்துவிட்டுத் தாய் தகப்பனுடன் இங்கு வந்து சேர்ந்தவர்கள். இவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், இஷாவுக்குப் பிறகு சங்க மாடியில் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் பட்டம் பெற்றவனல்லன். ஓதப்பள்ளியும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆங்கிலம் கல்லாப்பெட்டியருகே வந்தது. ஆகவே இதைப் பண்டிதர் அபிப்பிராயமாகக் கொள்ளாமல், ஒரு கடைக்காரன் கண்டறிந்ததாகக் கொள்ளவும்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-ஆம் வருஷம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் கடைத்தெருவுக்கு ஜப்பானியரும் வருகிறார், ஜெர்மானியரும் வருகிறார். அவர்களுக்கும் நமக்கும் பொதுவான பேச்சு ஆங்கிலமே. முப்பது ஜுஸுவையும் நெஞ்சில் சுமக்கும் பிள்ளை, ஒருவர் "ஹவ் மச்?" என்று கேட்டதும் மிளகு மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறான். இதைப் பார்த்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிடுகிற அத்தாமார் நம்மில் உண்டு. 114 சூராக்கள் ஏறிய தலையில் நானூறு ஐந்நூறு ஆங்கில வார்த்தைகள் ஏறாதா? குறை தலையில் இல்லை, தொடங்குகிற இடத்தில் இருக்கிறது.

தமிழெழுத்தில் ஆங்கிலம் எழுதிப் படிப்பதை முதலில் நிறுத்தவேண்டும். கடைகளில் விற்கும் சுயபோதினிகள் பெரும்பாலும் இவ்விதமே அச்சிடப்பட்டுள்ளன. அவற்றில் முதுகு என்பதற்கும் 'பேக்', பை என்பதற்கும் 'பேக்', சரக்கைக் கட்டு என்பதற்கும் 'பேக்'. ஆங்கிலத்தில் இவை மூன்றும் மூன்று சப்தம். கணக்குச் சீட்டும் 'பில்', மருந்து மாத்திரையும் 'பில்'. மருந்து விற்கும் கடைப் பையன் இதில் தடுமாறினால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காக எழுத்துகளில் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகளே அமைத்துக்கொண்டனர். அந்த ஜாக்கிரதை இந்தப் புத்தகக்காரர்களுக்கு இல்லை.

ஆனால் அந்தச் சப்தங்கள் நம் பிள்ளைகளின் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன! இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 'பல்' என்று தமிழில் சொல்லும்போது வரும் 'ப' வேறு, 'பிஸ்மில்லாஹ்' என்னும்போது வரும் 'ப' வேறு. மாத்திரைக்குப் 'பல்'லின் சப்தம், கணக்குச் சீட்டுக்கு 'பிஸ்மி'யின் சப்தம் என்றேன். ஒரே இரவில் பிடித்துக்கொண்டார்கள். நாக்கு நுனியை மேற்பல்லின் ஓரத்தில் வைத்து மூச்சு விடும் 'ஸா' எழுத்து, மூன்று என்னும் ஆங்கில எண்ணின் தலையில் நிற்கிறது. புள்ளியுள்ள 'தால்', இது, அது என்பவற்றின் ஆங்கிலச் சொற்களில் நிற்கிறது. 'ஃபா'வும் அப்படியே. மேற்குத் திசைக்கும் உள்ளே போடும் பனியனுக்கும் தமிழில் 'வெஸ்ட்' என்றே எழுதுவோம். உதட்டைக் குவித்து 'வாவ்' சொன்னால் மேற்கு. மேற்பல் கீழுதட்டில் பட்டால் பனியன். மக்ரஜ் பார்த்து ஓதிய பிள்ளைக்கு, எழுத்து எங்கே பிறக்கிறது என்று கேட்பது பழகிய கேள்வி. ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இதே பயிற்சி சற்று நாட்கள் கூடுதலாகப் பிடிக்கிறது.

அரபியில் கிடைக்காததை மலாய் கொடுக்கிறது. மேல்சட்டையும் 'கோட்', ஆடும் 'கோட்'. 'கோப்பி'யின் தலைச் சப்தம் சட்டைக்கு. சர்க்கரையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'குலா'வின் தலைச் சப்தம் ஆட்டுக்கு.

அடுத்தது எண்கள். 13-க்கும் 30-க்கும், 15-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் வால் எழுத்தில் மாத்திரம் இல்லை, அழுத்தத்திலும் இருக்கிறது. 30 என்பதில் தலையை அழுத்தி வாலைச் சுருக்கவேண்டும். 13 என்பதில் வாலை, மத்து இழுப்பதைப்போல் நீட்டவேண்டும். தமிழில் இவ்வித அழுத்தம் பொருளை மாற்றுவதில்லையாதலால் பிள்ளைகளின் காதுக்கு அது எட்டுவதில்லை. 50 வெள்ளிச் சரக்கு 15 வெள்ளிக்குப் போய்விட்டால் 35 வெள்ளி போயிற்று. பிள்ளை விலையைச் சொல்லும்போதே கால்குலேட்டரில் எண்ணைத் தட்டி வாடிக்கையாளருக்குக் காட்டப் பழக்குகிறேன்; சொன்னதும் காட்டியதும் ஒத்துப்போகின்றனவா என்று அவனே பார்த்துக்கொள்கிறான்.

எழுத்துக் கூட்டுவதில் மலாய் உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். ரூமி எழுத்தை இங்கு வளர்ந்த பிள்ளைகள் அறிவார்கள். மலாயில் எழுதியபடியே வாசிக்கலாம், ஆங்கிலத்தில் முடியாது. 1972-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததிலிருந்து மலாயின் மூன்றாம் எழுத்து 'ச்ச' சப்தம் ஒன்றையே தருகிறது. ஆங்கிலத்தில் அதே எழுத்து சில இடத்தில் 'க', சில இடத்தில் 'ஸ'. எனவே பூனையைச் 'சாட்' என்று ஒரு பிள்ளை வாசித்தால் சிரிக்கக்கூடாது. அவன் மலாய் சரியாகப் படித்திருக்கிறான் என்று அர்த்தம்.

வாக்கிய அமைப்பிலோ மலாய் பெரிய உதவி. தமிழில் வினை கடைசியில் நிற்கும்: 'நான் அரிசி வாங்குகிறேன்.' மலாயில் 'சாயா பெலி பெராஸ்', அதாவது நான், வாங்கு, அரிசி. ஆங்கிலமும் அதே வரிசை. 'கடையில்' என்பதில் வாலாக வரும் 'இல்', மலாயில் 'டி கெடாய்' என்று தலைக்குப் போகிறது. ஆங்கிலத்திலும் தலைக்கே போகிறது. ஆனால் 'இது அரிசி' என்பதில் தமிழுக்கும் வினை வேண்டாம், மலாய்க்கும் வேண்டாம். ஆங்கிலத்துக்கு நடுவே 'இஸ்' வேண்டும். எங்கள் வகுப்பில் அதிகம் விடுபடுவது இதுவே. பெயரிலக்கணம், வினையிலக்கணம் என்று பெயர் சொல்லி நான் நடத்துவதில்லை. மூன்று மொழியிலும் ஒரே வாக்கியத்தை வரிசையாகப் பலகையில் எழுதிவிடுகிறேன். கேள்வி கேட்கும்போது தமிழ் 'ஆ'வைக் கொண்டுபோய் ஆங்கில வால் நுனியில் ஒட்டும் பழக்கம், பிள்ளைகளைவிட முதலாளிமாரிடமே அதிகம்!

எத்தனை வார்த்தை போதும்? சி. கே. ஆக்டன் என்னும் ஆங்கிலேயர் 1930-ல் 850 வார்த்தைகளை மட்டும் தேர்ந்து 'பேசிக் இங்கிலீஷ்' என்று வெளியிட்டார். அதில் வினைச்சொற்கள் 18 மட்டுமே. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அந்தப் பதினெட்டில் வாங்குவதற்கும் சொல் இல்லை, விற்பதற்கும் இல்லை. நமக்கு எப்படி ஒத்துவரும்? டாக்காவில் வங்காளப் பிள்ளைகளின் படிப்பைக் கவனித்துப் பழகிய மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட சுமார் 2,000 வார்த்தைகள் கொண்ட பட்டியல் விசாலமானது. நான் அதிலிருந்து கடைக்கு வேண்டியவற்றைப் பொறுக்கி, பாடத்துக்குப் பத்தாக வைத்திருக்கிறேன். மிளகு, சீரகம், எடை, சில்லறை, நாளை வரும், தீர்ந்துவிட்டது, இவை முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் முன்னிலையில் பிள்ளையைத் திருத்தவேண்டாம். அவன் தப்பும் தவறுமாகச் சொல்லி முடிக்கட்டும்; கடை சாத்தியபின் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் ஒருமுறை நாணிய 15 வயதுப் பிள்ளை பிறகு வாய் திறக்க மாதக்கணக்கில் ஆகிறது. ஒருவன் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

அடுத்த மாதம் ரசீதும் கடிதமும் வாசிக்கத் தொடங்குகிறோம். தங்களிடம் பழைய ஆங்கிலச் சரக்குச் சீட்டுகள், கப்பல் கம்பெனிக் கடிதங்கள், வங்கி அறிவிப்புகள் இருந்தால், பெயர், கணக்கு எண், விலாசம் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டுச் சங்கத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகளுக்கு வாசகப் புத்தகம் அவைதாம்.